ரெட் பின்னின் மூன்றாவது ஆல்பமும் என் ஸ்டாஃப் பஸ்ஸும்

1. செருப்பு ஸ்டாண்டில் வந்த பொறுப்பு

ஒரு ஆளுடைய வேலை நிற்பதா போவதா என்பதை என் பஸ்தான் தீர்மானிக்கும் என்று அந்தோணி சொன்னபோது, நான் கோயில் வாசலில் ஒரு கால் செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமையானால் சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மரைச் சேவித்துவிட்டு மலையைச் சுற்றி வருவது என் வழக்கம். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எனக்குத் தெரிந்த பெரிய விஷயங்கள் இரண்டுதான். ஒன்று பெருமாள், இன்னொன்று ஸ்டியரிங். இந்தப் பெருமாளுக்கு நெற்றியில் மூன்றாவது கண் உண்டு. ஆரத்தி காட்டும்போது பட்டர் நாமத்தைத் தூக்கிக் காட்டுவார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அன்றும் சிலிர்த்தது. வெளியே வந்தால் அந்தோணி நிற்கிறான்.

அந்தோணி தூத்துக்குடி பக்கத்துப் பையன். நான் பஸ் ஓட்டும் கம்பெனியில் வெல்டு ஷாப். சர்ச்சுக்குப் போகிறவன் என்பதால் கோபுரத்தைத் தாண்டி உள்ளே வராமல், மழையில் நனைந்தபடி செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் காத்திருந்தான். ஒரு பென்டிரைவை நீட்டினான்.

"அண்ணாச்சி, மூணாவது ஆல்பம் முடிஞ்சிட்டு."

"கையில துளசி கீதுப்பா. சட்டைப் பாக்கெட்ல போடு. சந்தோஷமான விஷயந்தானே, ஏன் மூஞ்சி இப்படிக் கீது?"

"கம்பெனில பர்மனென்ட் ஆர்டர் வந்திருக்கு. செவ்வாக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடணுமாம். மெட்ராஸ்ல ஸ்டுடியோக்காரரு, வேலைய விட்டுட்டு வா, ஊர் ஊராப் போய்ப் பாடுவோம்ங்காரு. ரெண்டும் முடியாதுல்லா?"

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

"திங்கக்கிழமை காலைல நம்ம பஸ்ல இதப் போடுங்க. பஸ் பூரா ஐ.டி. கார்டத் தட்டுச்சின்னா வேலைய விட்டுருதேன். பஸ் தூங்குச்சின்னா கையெழுத்துப் போட்டுருதேன்."

"உங்க அம்மாகிட்ட கேட்டியா?"

"அம்மைக்கு நான் சர்ச் கொயர்ல பாடுதது மட்டுந்தான் தெரியும். சாம்பார் பாட்டு தெரிஞ்சா ஊருக்கே வரவேண்டாம்னு சொல்லிருவா." போகும்போது திரும்பிச் சொன்னான்: "யார்கிட்டயும் சொல்லிராதீங்க அண்ணாச்சி. நம்ம டிரம்ஸ் குப்புகிட்ட கூட. தெரிஞ்சா பாவம் பாத்துத் தட்டுவாங்க."

பெருமாள்மேல் சத்தியம் என்றேன். பிரசாதம் கையில் வைத்துக்கொண்டு சொன்ன சத்தியம். பிறகு நினைத்துப் பார்த்தால், அன்று இன்னொரு செருப்பு கிடைக்காமல் போனதிலேயே ஏதோ சகுனம் இருந்திருக்கிறது.

2. ரெட் பின் பிறந்த இடம்

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் ஒவ்வொரு லைனுக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்புத் தொட்டி இருக்கும். ரிஜெக்ட் ஆன பீஸை அதில் போடுவார்கள். அதற்குப் பெயர் ரெட் பின். அந்தோணியும் குப்புவும் பாட்டுக் குழு ஆரம்பித்தபோது அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். "யாராவது நம்மள ரிஜெக்ட் பண்றதுக்கு முன்னாடி நாமளே போய் உள்ள உக்காந்துக்கலாம்" என்றான் குப்பு.

குப்பு மணிமங்கலத்து ஆள், பிரஸ் ஷாப்பில் பர்மனென்ட். டிரம்ஸ் அவன். அந்தோணி பாட்டும் கிடாரும். கீபோர்டுக்கு இன்னொரு பையன் உண்டு. அவன் வாயே திறக்கமாட்டான், அதனால் இந்தக் கதையில் அவனுக்கு வேலை இல்லை.

முதல் ஆல்பம் பதிவானது என் பஸ்ஸுக்குள். ஷிப்டு முடிந்து வண்டி ஷெட்டில் நிற்கும்போது மூன்று பேரும் ஏறிக்கொள்வார்கள். மொபைலில் ரெக்கார்டிங். அந்த வண்டியில் இஞ்சின் ஓடினால்தான் சார்ஜர் வேலை செய்யும். அதனால் முதல் ஆல்பம் பூராவும் பின்னால் என் டீசல் இஞ்சின் ஐடிலில் உறுமிக்கொண்டிருக்கும். குப்புவுக்கு டிரம்ஸ் செட் கிடையாது. சீட் முதுகு, எமர்ஜென்சி கதவு, வீட்டிலிருந்து நான் கொண்டுபோகும் டிபன் கேரியர். என் மனைவி வசந்தா இன்றைக்கும் அந்தக் கேரியர் மூடி ஏன் சரியாக மூடுவதில்லை என்று கேட்கிறாள்.

டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் அஜீஸ் பாய் ஒருநாள் கேட்டார்: "ஏழுமலை, வண்டி நிக்குது, டீசல் மட்டும் எங்கியா டூர் போவுது?"

"பேட்டரி சார்ஜ் ஏத்துறேன் பாய்" என்றேன். பொய் இல்லை. மொபைலுக்கும் பேட்டரிதானே.

என் பஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. காலை டிரிப்பில் ரயில்வே ஸ்டேஷனில் கிளம்பி ஒரகடம் மேம்பாலம் ஏறும் வரைக்கும் பெருமாள் பாட்டு. மேம்பாலத்தை விட்டு இறங்கினால் அவர்கள் இஷ்டம். முதல் ஆல்பம் வந்ததிலிருந்து மேம்பாலம் இறங்கினதும் ரெட் பின்தான். ஜனங்களுக்குப் பிடித்தால் கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டைப் பிடித்து முன்சீட்டுக் கம்பியில் தட்டுவார்கள். டக் டக் டக். பஸ் முழுக்கத் தட்டினால் ஏதோ ஆலங்கட்டி மழைக்குள் போகிற மாதிரி இருக்கும். பிடிக்கவில்லை என்றால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். தூங்கிவிடுவார்கள். இதுதான் எங்கள் பஸ்ஸின் விமர்சனம்.

முதல் பாட்டு கேன்டீன் சாம்பாரைப் பற்றி:

சாம்பாரே சாம்பாரே, உன் ஆழம் யாருக்குத் தெரியும்?
பருப்பு ஒண்ணு உள்ள போச்சு, இன்னும் வெளிய வரல!

இந்தப் பாட்டு பக்கத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் போய்விட்டது. கேன்டீன் கான்ட்ராக்டர் காதுக்கும் போனது. கோபப்பட்டார். ஆனால் மறுநாளிலிருந்து சாம்பாரில் பருப்பு இருந்தது. எனக்குத் தெரிந்து ஒரு பாட்டால் நடந்த அற்புதம் அதுதான். தேவாரத்தால் கதவு திறந்தது என்பார்கள். அது கேள்விப்பட்டது, இது நான் சாப்பிட்டது.

இன்னொரு பாட்டு, ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றி:

சாப்டியான்னு கேட்டா சாப்டேன்னு சொல்லு,
தூங்குனியான்னு கேட்டா தூங்குனேன்னு சொல்லு,
அழுதியான்னு அம்மா கேக்க மாட்டா,
அத நீயா சொல்லிடாதே.

இதைக் கேட்டு அசெம்பிளி லைன் தேவகி அழுதாள். தேவகி யார் என்று தெரிந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். படப்பைப் பெண்பிள்ளை. லைன் லீடரையே பேச்சில் வறுத்து எடுப்பவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏசி ஜாஸ்தியா கீது டிரைவரண்ணா" என்றாள். என் பஸ்ஸில் ஏசி கிடையாது.

இரண்டாவது ஆல்பமும் நன்றாகவே இருந்தது. தண்டலம் பக்கத்துக் காலேஜிலெல்லாம் கூப்பிட்டுப் பாட வைத்தார்கள். அங்கேதான் ஸ்டுடியோக்காரர் அந்தோணியைப் பார்த்தார்.

3. வீட்டில் ஒரு சோதனை ஓட்டம்

ஞாயிற்றுக்கிழமை வீட்டு டிவியில் பென்டிரைவைச் சொருகினேன். வண்டியில் போடுவதற்கு முன் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது என்று நினைத்தேன். வசந்தா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

ஆல்பத்தின் பெயர் 'தொலைவின் நீலம்'.

முதலில் கடல் அலைச் சத்தம். பிறகு வயலின். பிறகு மறுபடி கடல். ரொம்ப நேரம் கழித்து அந்தோணி, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி பாடினான்:

நான் என்னும் கடலில்
நான் என்னும் தீவு,
நான் என்னும் படகில்
நான்.

வசந்தா கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இன்னாங்க, யாராவது தவறிட்டாங்களா?"

"அந்தோணியோட புதுப் பாட்டு."

"நம்ம சாம்பார் அந்தோணியா?" கொஞ்ச நேரம் கேட்டாள். "படகுல இத்தினி நான் ஏறிக்கினா முழுவிடாதா? வேற யாருக்கும் எடம் இல்லியே அதுல."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, அவள் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம். எல்லாப் பாட்டையும் கேட்டேன். தப்பு என்று ஒன்றையும் காட்ட முடியாது. சுருதி சுத்தம். சத்தம் சுத்தம். இஞ்சின் இல்லை, ஹாரன் இல்லை, எமர்ஜென்சி கதவு இல்லை. துலக்கிக் கவிழ்த்து வைத்த பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது. உள்ளே சோறுதான் இல்லை.

சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். "பெருமாளே, உன்கிட்ட இதுவரைக்கும் பொண்ணு கல்யாணம், கிளட்ச் பிளேட்டு, மழை, எல்லாம் கேட்டிருக்கேன். இப்ப ஒண்ணு கேக்குறேன். நாளைக்குக் காலையில இந்தப் பாட்டை நல்ல பாட்டா ஆக்கிடு. முடியலன்னா ஸ்பீக்கர கெடுத்துடு. எது உனக்கு சுளுவோ அத செய்."

சாயந்திரம் குப்பு வந்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"கேட்டியா அண்ணாத்தே?"

"கேட்டேன்."

"டிரம்ஸ் எப்படி கீது?"

"நல்லாதான் கீது."

"அது நான் இல்ல. மெஷினு. என்னை ஒருநாள் ஸ்டுடியோவுக்குக் கூப்ட்டு, நாலு தட்டு தட்டச் சொன்னாங்க. அப்புறம் கம்ப்யூட்டர்ல இன்னும் சுத்தமா வருதுன்னுட்டாங்க." டீயில் ஆடை படிந்துவிட்டது. அதை விரலால் எடுத்துப் போட்டான். "என் கை அந்த ஆல்பத்துல எங்கியும் இல்ல."

"பாட்டு எப்படி கீதுன்னு அவன்கிட்ட சொன்னியா?"

"நான் வாயைத் தொறந்தா பொறாமன்னு நெனப்பான் அண்ணாத்தே. அதான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு பஸ்ல யாரும் தூங்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

"டேய், வேணாம்டா."

"ஏன்?"

ஏன் என்று சொல்ல முடியாது. துளசியைக் கையில் வைத்துக்கொண்டு சத்தியம் செய்தாயிற்று. நீ தட்ட வைத்தால் உன் நண்பன் வேலையை விட்டுவிடுவான் என்று எப்படிச் சொல்வது? "சும்மாதான்" என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போனான்.

பெருமாள் ஸ்பீக்கரைக் கெடுப்பார் என்ற நம்பிக்கையோடு படுத்தேன்.

4. பஸ் தட்டியது

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து மழை. ஸ்பீக்கர் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு நன்றாக வேலை செய்தது.

அந்தோணி வழக்கமாகப் பின்சீட்டில் உட்காருவான். அன்று எனக்குப் பக்கத்தில், இஞ்சின் மூடி ஓரமாக இருக்கும் ஒற்றைச் சீட்டில் வந்து உட்கார்ந்தான். "நான் திரும்பிப் பாக்க மாட்டேன் அண்ணாச்சி. கண்ணை மூடிக்கிடுதேன். நீங்க கண்ணாடில பாருங்க" என்றான். கழுத்தில் சிலுவை போட்டிருந்தான். அதைக் கையில் பிடித்துக்கொண்டான். நான் டாஷ்போர்டில் இருந்த பெருமாளைப் பார்த்தேன். இரண்டு சாமிகளும் என்னையே பார்த்தார்கள்.

மேம்பாலம் ஏறும்வரை பெருமாள் பாட்டு. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அது பழக்கம்தான், பெருமாள் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார். மேம்பாலம் இறங்கியதும் பென்டிரைவைப் போட்டேன். கடல் அலை அடித்தது.

கண்ணாடியில் பார்த்தேன். குப்பு எழுந்து நடுவில் நின்றுகொண்டிருந்தான். தூங்கியவர்களைத் தோளில் தட்டி எழுப்பினான். ஒவ்வொருவரும் திடுக்கிட்டு விழித்து, ஐ.டி. கார்டைத் தேடி எடுத்து, தட்ட ஆரம்பித்தார்கள். கடல் அலைக்குத் தாளம்!

டக் டக் டக்.

அந்தோணி கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது.

வயலின் வந்தது. தட்டினார்கள். வயலின் நின்று அமைதி வந்தது. அமைதிக்கும் தட்டினார்கள். தேவகி இரண்டாவது வரிசையில் இருந்தாள். கண் இரண்டும் செருகிக்கொண்டிருந்தது, வாய் பாதி திறந்திருந்தது, கை மட்டும் மெஷின் மாதிரி கம்பியில் அடித்துக்கொண்டிருந்தது. குப்பு பக்கத்தில் வந்தால் மட்டும், "சூப்பர்பா, சூப்பர்" என்றாள்.

"அக்கா, கொஞ்சம் வேகமா."

"இன்னாடா வேகமா? பாட்டே நவுரல, நான் எங்க போவட்டும்?" என்று கிசுகிசுத்தாள். அந்தோணிக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

நாலாவது பாட்டு வந்தபோது அந்தோணி என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்: "தட்டுதாங்க அண்ணாச்சி."

"ம்."

"அப்ப விட்டுர வேண்டியதுதான்."

மழை கண்ணாடியில் வழிந்தது. வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது, வேணும் வேணாம் என்கிற மாதிரி. நிறுத்திச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். என்னவென்று சொல்வது? இவர்கள் உன்மேல் இருக்கும் பிரியத்தில் தட்டுகிறார்கள், அதை நம்பாதே என்றா? அதைச் சொன்னால் குப்புவையும் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் சத்தியம், ஒரு பக்கம் நட்பு, நடுவில் கியர். மூன்றாவது கியரில் வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். கம்பெனி வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்று ஒருநாள்தான். மற்றவர்கள் தினமும் வேண்டிக்கொள்வார்கள்.

5. ரிவர்ஸ்

கம்பெனி கேட் முன்னால் முழங்கால் தண்ணீர். எப்போதும் கேட்டிலேயே எல்லாரும் இறங்கிவிடுவார்கள். நான் காலி வண்டியைத்தான் திருப்பி எடுப்பேன். அன்று செக்யூரிட்டி குடையோடு ஓடி வந்தார்.

"ஏழுமலை, இங்க எறக்காதே. பொம்பளைங்க முழுக்க நனைவாங்க. உள்ள வந்து கேன்டீன் போர்ட்டிகோவுல ரிவர்ஸ் அடிச்சி நிப்பாட்டு."

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிவதற்கே ரொம்ப நேரம் எடுக்கும் பாட்டு. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் தேய்ந்து, எங்கோ ஒரு மணி அடிக்கிற மாதிரி போய், இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அடங்கும். அது அடங்கிய அதே நேரத்தில் நான் ரிவர்ஸ் கியர் போட்டேன்.

என் வண்டியின் ரிவர்ஸ் ஹாரன் வெறும் பீப் இல்லை. பழைய ஓனர் ஆசைப்பட்டு மாட்டியது. டிண்டக்கு டிங் டிங், டிண்டக்கு டிங் டிங் என்று கல்யாண வீட்டு மேளம் மாதிரி குதித்துக்கொண்டு அடிக்கும்.

டிண்டக்கு டிங் டிங்.

பஸ் விழித்துக்கொண்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காலை முழுவதும் கேட்காத தட்டு அது. ஐ.டி. கார்டு, டிபன் பாக்ஸ், குடைக் கம்பி, செருப்புக் கால், எல்லாம் சேர்ந்து அடித்தார்கள். பின்சீட்டில் எவனோ விசில் அடித்தான். "ஒன்ஸ் மோர்!" என்று ஒரு குரல். தேவகி கண்ணைத் திறந்து, முகமெல்லாம் மலர்ந்து, எழுந்தே நின்றுவிட்டாள்.

"இதான்பா பாட்டு! இது நம்ம பழைய ரெட் பின்னு!"

அந்தோணி கண்ணைத் திறந்தான்.

நான் பிரேக் போட்டு நியூட்ரலுக்கு வந்தேன். ஹாரன் நின்றது. தட்டு நின்றது. போர்ட்டிகோ தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது.

தேவகி நின்றபடியே கேட்டாள்: "இன்னாபா, இவ்ளோ சின்ன பாட்டா? இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம்ல?"

குப்பு தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா... அது ரிவர்ஸ்."

பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் பஸ்ஸில் வந்தவர்களுக்குத்தான் தெரியும். யார் தடுக்கி விழுந்தாலும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு தூக்கிவிடுகிற ஜனங்கள்.

அந்தோணி எழுந்து பின்னால் திரும்பினான். எல்லாரையும் பார்த்தான். கடைசியில் குப்புவைப் பார்த்தான். "ஏல, நீயா சொல்லித் தட்ட வச்ச?"

"நல்லது பண்றேன்னுதான் நெனச்சேன் மச்சான்."

"அக்கா, நீங்க சொல்லுங்க. பாட்டு எப்படி?"

தேவகி ஐ.டி. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீலம் நல்லா கீதுப்பா. நம்ம யூனிஃபார்ம் கலருதானே..."

"அக்கா."

"புரியலடா தம்பி. உன் கொரல் மாதிரி கீது, ஆனா நீ இல்ல. யாரோ உன்னை சோப்பு போட்டுக் குளிப்பாட்டி உக்கார வெச்சிருக்காங்க."

அவன் என் பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி?"

நாமம் போட்ட நெற்றியோடு பொய் சொல்ல எனக்கு வராது. "தம்பி, மொத பாட்டுல என் இஞ்சின் சத்தம் கேக்கும். இதுல எந்தச் சத்தமும் கேக்கல. நீ பாடறப்போ பக்கத்துல யாருமே இல்லாத மாதிரி கீது."

அவன் சிலுவையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு யாரிடம் என்று இல்லாமல் சொன்னான்: "ஸ்டுடியோல என்னைய சாம்பார் சிங்கர்னு கூப்பிட்டாங்க. நல்ல மாதிரியாத்தான் கூப்பிட்டாங்க. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிட்டு. எனக்கு வேறயும் தெரியும்னு காட்டணும்னு தோணுச்சு."

"சாம்பார்னா இன்னாடா கேவலம்?" தேவகிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஹெச்.ஆர்.கிட்ட எழுதிக் குடுத்தோம், நடக்கல. யூனியன்ல பேசினோம், நடக்கல. நீ பாடின அப்புறந்தான்டா பருப்பே போட்டான்!"

அவன் குடை இல்லாமல் இறங்கிப் போய் அட்டெண்டன்ஸ் பஞ்ச் வைத்தான். பென்டிரைவ் என் வண்டியிலேயே இருந்தது.

6. திரும்பி வரும் டிரிப்

செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டான். யாரும் தட்டவில்லை. எதற்குத் தட்டுவது, வேலை கிடைத்ததற்கா, ஆல்பம் சரியில்லாததற்கா என்று யாருக்கும் தெரியவில்லை. என்னிடம் அவன் பேசவில்லை. ஏறும்போது தலையை ஆட்டுவான். அவ்வளவுதான். குப்புவிடம் மட்டும் பேசினான். பேசினான் என்பதை விடத் திட்டினான் என்று சொல்லலாம், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு திட்டினான். எனக்கு அதில் ஒரு நிம்மதி.

ஸ்டுடியோக்காரர் அப்படியும் ஆல்பத்தை வெளியிட்டார். மெட்ராஸில் சிலருக்குப் பிடித்ததாம். எங்கள் பக்கத்து ஜனங்கள், எங்கள் ரெட் பின்னைத் திருப்பிக் கொடு என்று போனில் பாட்டுக்குக் கீழே எழுதினார்கள். அதில் ஒன்றிரண்டு என் பஸ்ஸிலிருந்தே போயிருக்கும். நான் விசாரிக்கவில்லை.

அவன் சரியாகத்தான் செய்தானா என்று சனிக்கிழமை மலையைச் சுற்றும்போது யோசிப்பேன். பாட்டு நன்றாக இருந்து வேலையை விட்டிருந்தால் என்ன ஆகியிருப்பான்? தெரியாது. நரசிம்மரும் சொல்லவில்லை. அவருக்கு மூன்று கண் இருந்தும் வாய் ஒன்றுதான், அதையும் திறப்பதில்லை.

கார்த்திகை பிறந்த பிறகு ஒருநாள், காலை ஷிப்டு முடிந்து மத்தியானம் திரும்பி வரும் டிரிப். எல்லாரும் செத்த பிணமாக ஏறினார்கள். கம்பெனியில் ஆடிட் நடந்த வாரம். தேவகி சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"டிரைவரண்ணா, அந்த நீலத்தைப் போடு. தூக்கம் வருது."

சொன்ன பிறகுதான் அவளுக்கு அந்தோணி பின்னால் உட்கார்ந்திருக்கிறான் என்று ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடியில் அவனைப் பார்த்தேன். அவனும் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். ரொம்ப நாளுக்குப் பிறகு என்னிடம் வாயைத் திறந்து பேசினான்.

"போடுங்க அண்ணாச்சி. எதுக்காவது உதவட்டும்."

போட்டேன். கடல் அலை அடித்தது. வண்டி ஒரகடம் தாண்டுவதற்குள் முதல் வரிசை சாய்ந்தது. வயலின் வந்தபோது நடு வரிசை. நான் என்னும் படகில் நான் என்று அவன் பாடியபோது தேவகி குறட்டை விட்டாள். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, ரோட்டோரத் தண்ணீரில் கம்பெனிக் கூரைகளெல்லாம் தலைகீழாகத் தெரிந்தன. நான் மறுபடி கண்ணாடியைப் பார்த்தபோது, குப்புவின் தோளில் தலையைப் போட்டு, வாயைத் திறந்துகொண்டு, அந்தோணியும் தூங்கிக்கொண்டிருந்தான். தன் பாட்டுக்கே தூங்கிய பாடகனை நான் அன்றுதான் பார்த்தேன்.

புதிதாக ஸ்டாஃப் பஸ் ஓட்ட வரும் தம்பிகளுக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். பெருமாளுக்கு மூன்றாவது கண் நெற்றியில். நமக்கு அது தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில். அதில் அடிக்கடி பாருங்கள். விழித்துக்கொண்டிருப்பவர்கள் மரியாதைக்காகத் தட்டலாம். தூங்குகிறவர்கள் மரியாதைக்காகத் தூங்குவதில்லை. பாடகனுக்கு அது அவமானமாக இருக்கலாம். டிரைவருக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. ஐம்பது பேர் உயிரை நம்மிடம் கொடுத்துவிட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள். அந்தப் பட்டத்தில் அன்று அந்தோணிக்கும் பாதி கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மழைக்குப் பிறகு ஸ்டேஷன் முன்னால் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், அந்த வாரம் பக்கத்துச் சந்தில் ரிவர்ஸ் எடுத்துத்தான் வண்டியை நிறுத்த வேண்டும். டிண்டக்கு டிங் டிங் வேண்டாமென்று அன்று எடுக்கவில்லை. ரயிலுக்கு நேரம் இருந்தது. நேரே போய், கோயில் மலையைச் சுற்றி, பெருமாளுக்கு வண்டிக்குள்ளிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முன்பக்கமாகவே கொண்டுவந்து நிறுத்தினேன்.

ஜி.பி.எஸ்.ஸில் பார்த்துவிட்டு அஜீஸ் பாய் போன் செய்தார். "ஏழுமலை, ரிவர்ஸ் அடிக்காம எதுக்குயா மலையைச் சுத்தினு வந்தே?"

"மெதுவா பேசுங்க பாய்" என்றேன். "ஆல்பம் ஓடிகினு கீது."